போத்தலில் குமிழி வந்துகொண்டிருக்க வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையொன்றை வைத்தியசாலையில் 'பி.பி.யூ'வில் வைத்திருக்கிறார்கள் என்றால், நமது ஊர்களில் முதலில் பரவும் செய்தி "புள்ளைய மெசின்ல போட்டிருக்காங்களாம்" என்பதுதான். ஒரு மணித்தியாலம் கழியுமுன் அது "மெசின்லதான் உசிர் நிக்குதாம்" என்று ஆகிவிடும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த மூத்தம்மா தன் பங்குக்குச் சொல்வார்: மூக்கில் இரண்டு குழாய், பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல், அதில் கொதிக்கிற மாதிரிக் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. அதோடு வீட்டில் அழுகை தொடங்கிவிடும்.

அந்தத் தண்ணீர் கொதிப்பதில்லை. பிள்ளைக்குள் போவதுமில்லை. மூச்சை இழுப்பதும் விடுவதும் அந்தப் பிள்ளையேதான். அப்படியென்றால் அந்தப் போத்தல் அங்கே என்ன செய்கிறது? வைத்தியசாலைகளில் அந்தக் கருவியை 'சீபெப்' என்பார்கள். போத்தல் வைத்த வகைக்கு 'பபிள் சீபெப்' என்று பெயர். அதன் வரலாறு நமக்குத் தெரிந்தால் பாதிப் பயம் குறையும் என்பது எங்கள் நம்பிக்கை.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு நீரின் அமுக்கத்தைப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 10 மீற்றர் கீழே போனால் உடம்பின் மீதுள்ள அமுக்கம் கரையில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. அவசரப்பட்டு மேலே வந்தால் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும், சிலருக்குக் கால்களே வராமல் போகும். ஏன் அப்படி நடக்கிறது, எவ்வளவு ஆறுதலாக மேலே வர வேண்டும் என்று பிரித்தானியக் கடற்படைக்காகக் கணக்கிட்டு 1908இல் அட்டவணை வெளியிட்டவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன். 1957 வரை நமது துறைமுகம் அந்தக் கடற்படையின் கையில்தான் இருந்தது. அதே ஹோல்டேன்தான் முதலாம் உலகப்போரில் நச்சுவாயு பட்ட சிப்பாய்களுக்கு அளவறிந்து ஒட்சிசன் கொடுக்கும் முகமூடியை உருவாக்கினார். அதற்கு முன் ஒட்சிசன் கொடுப்பது என்றால் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு புனலைப் பிடிப்பதுதான். பெரும்பகுதி காற்றோடு போய்விடும். வாயு எந்த வழியால் வருகிறது, எவ்வளவு வருகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

இனிப் பிள்ளையின் நெஞ்சுக்கு வருவோம். வலது பக்க இதயத்தின் இரத்தம் சுவாசப்பைக்குப் போய், அங்கே வளியோடு கலந்துதான் இடது பக்கம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு நபீஸ். டமஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் செய்தவர். (எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டுபிடித்தோம் என்று சொல்லும் பதிவல்ல இது. அந்த மாதிரிப் பதிவுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.) ஆனால் சில பிள்ளைகளின் சுவாசப்பை ஏன் முதல் நாளே சுருங்கிப்போகிறது என்பது 1959 வரை யாருக்கும் சரியாக விளங்கவில்லை. அந்த வருடம் மேரி எலன் ஏவரி என்ற இளம் பெண் வைத்தியர், ஜியர் மீட் என்பவரோடு சேர்ந்து விடையைக் கண்டார். நுரையீரலின் சிற்றறைகளின் உட்பக்கம் ஈரமானது. ஈரத்துக்குப் பரப்பிழுவை உண்டு, அது சிற்றறையைச் சுருக்கப் பார்க்கும். மாதம் நிறைந்த பிள்ளையின் நுரையீரல் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சுரந்து அந்த இழுவையைக் குறைத்துக்கொள்கிறது. முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சுரப்பு போதாது.

பெருநாளைக்குப் பலூன் ஊதியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். முதல் ஊதல்தான் கஷ்டம். கொஞ்சம் விரிந்துவிட்டால் பிறகு இலகு. சுரப்பு இல்லாத பிள்ளையின் சிற்றறைகள் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் முழுதாக ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சும் அதற்கு முதல் ஊதல். நிமிடத்துக்கு 60 தடவை புதுப் பலூன் ஊதுவதென்றால் பெரிய மனிதரே களைத்துப்போவார். பிள்ளை எவ்வளவு நேரம் தாங்கும்?

காரணம் தெரிந்த பிறகும் மருந்து வரவில்லை. 1963 ஓகஸ்ட் 7இல் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், பெயர் பட்ரிக். ஐந்தரை வாரம் முந்திய பிறப்பு. நிறை 2 கிலோவுக்குச் சற்று மேல். இன்று அந்த நிறையைக் கேட்டால் தாதிமார் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். அந்தப் பிள்ளையைப் பொஸ்டனுக்குக் கொண்டுபோய், சுழியோடிகளுக்குச் சிகிச்சை செய்யும் அறை போன்ற உயர் அமுக்க அறையில் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். ஓகஸ்ட் 9 அதிகாலையில் இறந்துபோனது. உலகின் மிகப் பலம் வாய்ந்த தகப்பனால் முடியாமல் போனது. அமுக்கம் இருந்துமே ஏன் உதவவில்லை? அந்த அறையில் அமுக்கம் நெஞ்சுக்கு வெளியேயும் உள்ளேயும் ஒரே அளவு. உள்ளே கொஞ்சம் கூட இருந்தால்தானே சிற்றறை விரிந்து நிற்கும்.

இதற்கிடையில் ஒட்சிசனும் ஒரு பாடம் படிப்பித்திருந்தது. 1940களில் வசதியான வைத்தியசாலைகள் முந்திப் பிறந்த பிள்ளைகளுக்குத் தாராளமாக ஒட்சிசனைத் திறந்துவிட்டன. பிள்ளைகள் பிழைத்தார்கள், கண் பார்வை போனது. உலகம் முழுக்கச் சுமார் 10,000 பிள்ளைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். கூடுதலான ஒட்சிசன்தான் காரணமாக இருக்கலாம் என்று 1951இல் மெல்பேர்னில் கேற் கம்பெல் என்ற பெண் வைத்தியர் எழுதினார். பின்னர் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று அதை உறுதிப்படுத்தியது. பயந்துபோய் ஒட்சிசனை இறுக்கிப் பிடித்தார்கள், அதனால் வேறு பிள்ளைகள் இறந்தார்கள். இன்று பிள்ளையின் காலிலோ கையிலோ சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு பட்டி சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டும் அந்த வழியை 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்தார். அது வந்த பிறகுதான் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரிந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நமது ஊர் மருத்துவிச்சிமாருக்கு ஒரு சத்தம் தெரியும்: "புள்ள அனுங்குது." மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் தொண்டைக்குள் 'ங்... ங்...' என்று ஒரு முனகல். அது அழுகை அல்ல, பசியும் அல்ல. அது வந்தால் கவலைப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் என்று வைத்தியர்களுக்கே நெடுநாள் விளங்கவில்லை. 1968இல் கேப் டவுனில் ஹரிசன், ஹீஸ், கிளைன் ஆகிய மூவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அனுங்கும் பிள்ளையின் குரல்வளைக்குள் ஒரு குழாயை இறக்கினால் அனுங்கல் நின்றுவிடும். ஆனால் அதோடு இரத்தத்தின் ஒட்சிசனும் இறங்கியது. குழாயை எடுத்தார்கள், பிள்ளை மறுபடி அனுங்கியது, ஒட்சிசன் ஏறியது.

ஆக, அந்தப் பிள்ளை தன் தொண்டையைப் பாதி மூடி, மூச்சு முழுதாக வெளியே போய்விடாமல் தடுத்து, உள்ளே கொஞ்சம் அமுக்கத்தைத் தேக்கிச் சிற்றறைகளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. சுப்ஹானல்லாஹ்! யாரும் படிப்பிக்காமலே. ஆனால் சில மணித்தியாலங்களில் களைத்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிறெகரி என்ற மயக்கமருந்து வைத்தியர், அந்த அனுங்கலைப் பிள்ளைக்குப் பதிலாக நாம் செய்து கொடுத்தால் என்ன என்று யோசித்தார். பிள்ளை தானே மூச்சு விடட்டும். வெளியேறும் பாதையை மட்டும் சற்று இறுக்குவோம். சத்திரசிகிச்சை அறையில் பாவிக்கும் பையின் வாலில் ஒரு திருகுப் பிடியைப் போட்டு அதைச் செய்தார். 1971இல் அவரும் நண்பர்களும் வெளியிட்ட கட்டுரையில் 20 பிள்ளைகள், 16 பேர் பிழைத்தார்கள். 18 பேருக்குத் தொண்டைக்குள் குழாய், இரண்டு பேருக்குத் தலையை மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கழுத்தோடு மூடி அமுக்கம். பட்ரிக் கென்னடியை வைத்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே முழு உடம்பும் உள்ளே, இங்கே தலை மட்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. 1914இலேயே வியன்னாவில் ஓகஸ்ட் வொன் றொய்ஸ் என்ற பேராசிரியர், பிறந்த பிள்ளைகளின் நோய்கள் பற்றிய தன் நூலில் முகமூடியும் ஒட்சிசனும் நீரில் அமிழ்ந்த குழாயும் கொண்ட ஒரு கருவியை விபரித்திருந்தார். கிட்டத்தட்ட இன்றைய போத்தல்தான். அதே வருடம் போர் தொடங்கியது. கருவி மறக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல்.

கருவியில் வாயு போகும் வழியைப் பார்ப்போம். இதை விளங்கக் கந்தளாய் வாய்க்காலை நினைத்துக்கொள்வது நல்லது. வயலுக்குள் தண்ணீரை யாரும் தள்ளிவிடுவதில்லை. வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும். கீழ்ப்பக்கம் மடையில் பலகையைப் போட்டால் மட்டம் உயரும், வயல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மட்டத்தைத் தீர்மானிப்பது மேலே குளமல்ல, கீழே பலகைதான்.

சுவரிலிருந்தோ சிலிண்டரிலிருந்தோ ஒட்சிசன் வருகிறது. சாதாரண வளியோடு அது கலக்கப்படுகிறது. பிள்ளைக்குத் தேவையான வீதம் மட்டும்தான், கண்ணுக்காக. அந்த வாயு உலர்ந்தது, குளிர்ந்தது. ஆகவே சூடான நீருள்ள ஒரு பாத்திரத்தின் மேலாகப் போய், உடம்பின் வெப்பநிலையையும் ஈரத்தையும் எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் மூக்கின் உட்தோல் வெடித்துச் சளி இறுகிப்போகும். பிறகு ஒரு குழாயால் பிள்ளையின் மூக்குக்கு வருகிறது. மூக்கில் இரண்டு சின்ன முனைகள். அங்கே வாயு நிற்பதில்லை. மூக்கு வாசலைத் தொட்டுக்கொண்டு மறுபக்கக் குழாயால் வெளியேறுகிறது. அந்த வெளிக்குழாயின் நுனிதான் போத்தல் நீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. நீரைத் தள்ளினால்தான் வெளியே வரலாம். தள்ளி வருவதுதான் குமிழி.

நுனி 5 சென்றிமீற்றர் ஆழத்தில் இருந்தால் பாதை முழுவதும், பிள்ளையின் சுவாசப்பை வரை, 5 சென்றிமீற்றர் நீரின் அமுக்கம். 6 ஆக்கினால் 6. வளிமண்டல அமுக்கத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. சுழியோடி 10 மீற்றரில் தாங்குவதைப் பார்த்தால் இது கணுக்கால் நனையாத ஆழம். அவ்வளவு போதும் ஒரு சிற்றறை ஒட்டாமல் இருக்க. வகுப்பில் இதைக் காட்ட எங்களுக்குத் தேவை ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு ஸ்ட்ரோவும்தான். மேலாக வைத்து ஊதச் சொல்வோம், அடியில் வைத்து ஊதச் சொல்வோம். சூத்திரம் எழுதுமுன்பே பிள்ளைகளின் கன்னம் சொல்லிவிடும்.

ஒரு கிலோ நிறைப் பிள்ளை ஒரு மூச்சில் எடுப்பது சுமார் 5 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி. நிமிடத்துக்கு 60 மூச்சு என்றால் 300 மில்லிலீற்றர். ஆனால் குழாயில் ஓடுவதோ நிமிடத்துக்கு 6 லீற்றர் அளவு, இருபது மடங்கு. வீணா? இல்லை. பிள்ளை சடாரென்று இழுக்கும் கணத்தில் மட்டம் இறங்கக் கூடாது. விட்ட மூச்சின் காபனீரொட்சைட்டு திரும்ப உள்ளே போகாமல் அள்ளிக்கொண்டு போக வேண்டும். மூக்கோரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் ஈடுசெய்ய வேண்டும். கசிவு அதையும் மிஞ்சினால், உதாரணமாகப் பிள்ளை வாயைத் திறந்துவிட்டால், அல்லது முனை விலகிவிட்டால், வாயு நீரைத் தள்ளாமல் அந்த வழியால் தப்பிவிடும். குமிழி நின்றுவிடும். வேறு எந்த எச்சரிக்கை மணியும் தேவையில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவரும் பார்த்துச் சொல்லலாம்.

இந்தப் போத்தல் முறையைப் பிடிவாதமாகக் காப்பாற்றியவர் நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஜென் டியன் வுங். மற்ற இடங்கள் பெரிய வென்டிலேட்டர்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அவர் மூக்கு முனைகளையும் நீர்ப் போத்தலையும் விடவில்லை. 1987இல் அமெரிக்காவின் எட்டு நிலையங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளிவந்தது. பிழைத்த பிள்ளைகளில் நாட்பட்ட நுரையீரல் நோய் மிகக் குறைவாக இருந்தது வுங்கின் இடத்தில். அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? 1959இல் சுரப்பைக் கண்ட அதே ஏவரி. பலமாகத் தள்ளியவர்களைவிட மெதுவாகத் தேக்கியவர் நன்றாகச் செய்தார். இடையில் சுவீடன், ஜப்பான், நியூசிலாந்து எல்லாம் தம் பங்கைச் செய்தன. தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே போடும் ஊசி 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹொவி இருவரின் ஆய்விலிருந்தும், அந்தச் சுரப்பையே மருந்தாக ஊற்றுவது 1980இல் ஜப்பானின் புஜிவராவிடமிருந்தும் வந்தவை. அவை தனிப் பதிவுக்குரியவை.

நமக்குக் கிட்டிய கதை பங்களாதேஷில் இருக்கிறது. முஹம்மத் ஜொபாயர் சிஷ்தி 1996இல் சில்ஹெட் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் பயிற்சி வைத்தியர். சிறுவர் பிரிவில் முதல் இரவே மூன்று பிள்ளைகள் நியூமோனியாவால் அவர் கண் முன்னே இறந்தார்கள். பின்னர் மெல்பேர்னில் பபிள் சீபெப் கருவியைப் பார்த்தார். டாக்காவில் அவர் வேலை செய்த இடம் 'கொலரா ஆஸ்பத்திரி' என்று பெயர் பெற்ற ஆராய்ச்சி நிலையம். நாம் ஜீவனி என்று கரைத்துக் கொடுப்பதற்குப் பின்னாலுள்ள ஆய்வுகளில் பெரும்பங்கு நடந்த இடமும் அதுதான். அங்கே வெற்று ஷாம்பூ போத்தலில் நீரை நிரப்பிக் குழாயை இறக்கினார். 2015இல் முடிவு வெளிவந்தது. கடும் நியூமோனியா வந்த 5 வயதுக்குட்பட்ட 225 பிள்ளைகள். வழமையான குறைந்த ஓட்ட ஒட்சிசனில் 67 பேரில் 10 பேர் இறந்தார்கள். போத்தல் முறையில் 79 பேரில் 3 பேர்.

இதைப் படித்துவிட்டு ஷாம்பூ போத்தல் உயிர் காக்கும் என்று பகிர்ந்தவர்கள் பலர். மற்றப் பாதியையும் பகிர வேண்டும். மலாவியில், வைத்தியர் ஒவ்வொரு நாளும் நேரில் பார்க்க முடியாத ஒரு மாவட்ட வைத்தியசாலையில், நோய் கூடிய பிள்ளைகளுக்கு இதே முறையைச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு நேர்மாறு: போத்தல் முறையில் 321 பேரில் 53 பேர் இறந்தார்கள், சாதாரண ஒட்சிசனில் 323 பேரில் 35 பேர். இரண்டு இடத்திலும் ஐந்து வயதுக்குட்பட்ட நியூமோனியாப் பிள்ளைகள். ஊர் வேறு, பிள்ளைகளின் நிலை வேறு, ஆகவே ஒன்றையொன்று அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் டாக்காவில் அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் பழகிய வைத்தியர்களும் தாதிமாரும் நின்றார்கள் என்பதை நாங்கள் சின்ன விடயமாக எடுக்கவில்லை. முனை விலகியதா, சளி அடைத்ததா, வயிறு காற்றால் ஊதியதா என்று பார்க்க ஆள் வேண்டும். வைத்தியசாலைக்கு இயந்திரம் அன்பளிப்புச் செய்யச் சேரும் நமது சங்கங்கள், தாதிமாரின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதலாம்.

1940களின் நடுவில் இலங்கையில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 140 அளவில் ஒரு வயதுக்கு முன் இறந்தார்கள். இன்று 10க்கும் குறைவு. அதை முதலில் இறக்கியது இயந்திரமல்ல. வீடு வீடாகப் போன மருத்துவிச்சிமாரும், மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியமும்தான். இப்போது மிஞ்சியிருப்பதில் பெரும்பங்கு பிறந்து சில நாட்களே ஆன பிள்ளைகள். அங்கேதான் இந்தப் போத்தல் வருகிறது. 2022 நெருக்கடியில் சிசுக்களின் தொண்டைக்குள் இறக்கும் குழாய்களே நாட்டில் முடியப்போகின்றன என்று பிரசவகால மருத்துவர்களின் சங்கத் தலைவர் பகிரங்கமாக உதவி கேட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குழாயே தேவைப்படாமல் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடிந்தால், அப்படிப்பட்ட நாளில் அதன் மதிப்பு தனி.

மூதூரிலிருந்து லோஞ்சிலும் கிண்ணியாவிலிருந்து பாதையிலும் நோயாளியை ஏற்றிக் கடந்த காலத்தை நம்மில் பலர் கண்டவர்கள். கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009 ஒக்டோபரில்தான். இன்று தூரம் சாக்கில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பச்சைப் பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் அனுங்கினால், விலா இடுக்கு உள்ளே இழுபட்டால், தண்ணீர் ஓதி வாங்கும்வரை, விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். அந்தச் சத்தம் பிள்ளை தன் கடைசிப் பலத்தில் தானே நடத்தும் சீபெப்.

போத்தலோடு இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் வாப்பாமார் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பேரீச்சம்பழம் தொட்டு வைப்பது, தேன் தடவுவது எல்லாம் இப்போது வேண்டாம். பேரீச்சம்பழத்துக்கு வைத்தியர் சரி என்று சொல்லும் நாள் வரும். தேன் ஒரு வயது முடியும்வரை எந்தப் பிள்ளைக்கும் கூடாது. பாங்கு சொல்லலாம். மூக்குக் குழாய்களைப் பிடித்துக்கொள்ள ஒரு தொப்பி போட்டிருப்பார்கள், காது அதற்குள் மூடியிருக்கும். தொப்பியை நகர்த்தினால் முனை விலகும், குமிழி நிற்கும். ஆகவே கையைக் கழுவி, தாதியிடம் சொல்லிவிட்டு, குனிந்து மெதுவாகச் சொல்லுங்கள். துணிக்கு மேலாலும் கேட்கும்.